மனசு கேட்காத நர்ஸுக்குத் துணை நிற்க

அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டெண்டன்டாக ஓய்வு பெற்றவள் நான். இப்போது வார்டு இன்சார்ஜ் ஆகிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். இன்டென்ட் போடுவது, டியூட்டி லிஸ்ட் எழுதுவது, ஸ்டாக் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் பக்கத்து வார்டு அக்கா சொல்லிக் கொடுத்துவிடுவார். ஆனால் உங்களிடம் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, நைட் முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் மருந்து அலமாரி ஓரமாக நின்று, "மனசே கேட்கல சிஸ்டர்" என்று சொல்கிறபோது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பார்த்தும் செய்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். டாக்டர்கள், லேப் டெக்னீஷியன்கள், 108-ல் ஓடுகிற பிள்ளைகள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எனக்குத் தெரிந்தது நர்ஸ் வேலை. அதனால் அதை வைத்தே பேசுகிறேன்.

1. களைப்பு வேறு, இது வேறு.

தொடர்ந்து மூன்று நைட் பார்த்தவளுக்கு ஒரு ஆஃப் கொடுத்தால் தூங்கி எழுந்து தெளிந்து வந்துவிடுவாள். சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் போனவளுக்கு ஆஃப் கொடுத்தால், அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நர்ஸ்களின் அறச் சிக்கல்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். செய்ய வேண்டியது என்ன என்று நர்ஸுக்குத் தெரிகிறது, மருத்துவமனையின் கட்டுப்பாடுகள் செய்ய விடுவதில்லை, அப்போது வருகிற வேதனையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அதில் சொன்னார். அதை அறத் துயரம் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு கழித்து, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இன்னொன்றைச் சொன்னார். உயிர் போகிற நேரத்தில், பொறுப்பில் இருப்பவரே நியாயத்தைக் கைவிட்டதைப் பார்த்தவர்களுக்கு உண்டாகும் காயம், பயத்தாலும் துக்கத்தாலும் வருகிறதைவிட நீண்ட நாள் ஆறாமல் இருக்கிறது என்றார். இதை அறக் காயம் எனலாம். 2018-ல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், டாக்டர்களைப் பிடித்திருப்பதும் வெறும் சோர்வில்லை, இந்தக் காயம்தான் என்று எழுதினார்கள். நம் வார்டுகளில் இது அவர்கள் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, கவனித்துப் பார்த்தால் போதும். ஒரு குறிப்பிட்ட பெட் பக்கம் மட்டும் போக மாட்டாள். நோயாளியின் கூட இருப்பவர்கள் கூப்பிட்டால் முகம் பார்க்காமல் பதில் சொல்வாள். வார்டு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பாள், காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவள் திடீரென்று, "எனக்கென்ன வந்தது" என்று பேச ஆரம்பிப்பாள். அந்தப் பேச்சைக் கேட்டுத் திமிர் என்று முடிவு கட்டாதீர்கள். அதிகமாக வலித்தவர்கள்தான் அப்படி மரத்துப்போகிறார்கள்.

2. முதலில் கேளுங்கள். ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள்.

ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். வென்டிலேட்டர் எல்லாம் நிரம்பிவிட்ட இரவு. டியூப் போட்ட ஒரு பெரியவருக்கு மெஷின் இல்லை. அவருடைய மகன் கையில் அம்பு பேக்கைக் கொடுத்து, எப்படி அழுத்த வேண்டும் என்று அங்கிருந்த சின்னப் பெண்தான் சொல்லிக் கொடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டு ஒரு அழுத்து அண்ணே." அவர் சுவரில் சாய்ந்து நின்று, உதடு அசைய எண்ணிக்கொண்டே அழுத்தினார். அவளுக்கு மற்ற நோயாளிகளும் இருந்தார்கள். நடுவில் ஓடி வந்து அவர் கையை மாற்றிவிட்டு, தான் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு, மறுபடி ஓடினாள். விடியப்போகும் நேரத்தில் அவர் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். பெரியவர் ஆறு மணி வாக்கில் இறந்தார். உண்மையில் அவர் பிழைக்கிற நிலையில் இல்லை, டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

காலையில் அந்தப் பெண் என்னிடம் கேட்டது, பெரியவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று இல்லை. "அந்த அண்ணன் தான் தூங்கினதாலதான் அப்பா போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டே போறாரு சிஸ்டர். பேக்கை அவர் கையில குடுத்தது நானில்ல?" என்றாள்.

அவள் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்ததால்தான் வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. "நம்ம கையில என்ன இருக்கு", "அவருக்கு விதி முடிஞ்சிடுச்சு", "நீ செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டே" என்று நான் ஆரம்பித்திருந்தால் அந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது. தெரிந்த பிறகு செய்யக்கூடிய ஒரு வேலை இருந்தது. டியூட்டி டாக்டரை அழைத்துக்கொண்டு போய், பிணவறை வாசலில் நின்ற அந்த மகனிடம், அப்பாவின் நுரையீரலும் இதயமும் எப்படி இருந்தன, கை நின்றதற்கும் உயிர் நின்றதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரையே சொல்ல வைத்தோம். அந்தப் பெண்ணும் கூட நின்று கேட்டாள். அவளுக்கும் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

கேட்பதற்கு இடம் முக்கியம். நர்சஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, ஃபோன் அடிக்க, அட்டெண்டர்கள் எட்டிப் பார்க்கக் கேட்காதீர்கள். ஹேண்டிங் ஓவர் முடிந்ததும் இன்னொருவரிடம் வார்டைக் கொடுத்துவிட்டு, ஒரு டீயோடு உட்காருங்கள். அதையும் அவளுடைய ஆஃப் நாளில் வரச்சொல்லிச் செய்யாதீர்கள். டியூட்டி நேரத்தில் செய்யுங்கள். அவளுக்கு நடந்தது வேலையில் நடந்தது.

3. கேட்டதை எழுத்தில் கொண்டுவாருங்கள்.

இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த இரவும் அதே ஆள் பற்றாக்குறையோடு அவளை நிறுத்தினால், உங்கள் ஆறுதலும் அந்தக் காயத்தில் ஒரு பங்காகிவிடும்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விகிதம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்: கற்பிக்கும் மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். அதற்கும் நம் வார்டு ரெஜிஸ்டருக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எழுத்தில் இருக்காது. ரிப்போர்ட் புக்கில் இப்படி எழுதப் பழகுங்கள்: "இரவு நோயாளிகள் 41, பணியில் நர்ஸ் 1. ஆக்ஸிஜனில் 6 பேர். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 1. அதிகாலை 2.10-க்கு 7-ம் பெட்டிலும் 22-ம் பெட்டிலும் ஒரே சமயத்தில் மூச்சுத்திணறல். 2.12-க்கு டியூட்டி டாக்டருக்குத் தகவல்." குற்றச்சாட்டு வேண்டாம், பெருமூச்சு வேண்டாம். நேரம், எண்ணிக்கை, யாருக்குச் சொன்னோம். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இதையே வாரத்துக்கு ஒரு முறை தொகுத்து, ஆர்.எம்.ஓ. வழியாக டீனுக்கு ஒரு பக்கக் கடிதமாக அனுப்புங்கள். நகலில் தபால் பிரிவின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடனே ஆள் வந்துவிடுமா என்றால், வராது. பல கடிதங்களுக்குப் பிறகு ஒன்று நகரும். ஆனால் அன்றைக்கே நடக்கிற ஒரு நன்மை உண்டு. "நான் சரியில்லாதவள்" என்று நினைத்துக்கொண்டிருந்த பெண், 41-க்கு 1 என்ற எண்ணைத் தன் இன்சார்ஜின் கையெழுத்தில் படிக்கிறாள். குறை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு விளங்குகிறது. நாளை விசாரணை என்று வந்தால் அந்தத் தாள்தான் அவளுக்குக் கவசம்.

4. தொகுப்பூதியத்தில் இருப்பவளை முன்னால் நிறுத்தாதீர்கள்.

எழுதுங்கள் என்றேன், கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்தத்தில் வந்த பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகும்வரை ஒவ்வொரு கையெழுத்தும் பயம். கொரோனாவின்போது 2020-ல் அவசரமாக எடுக்கப்பட்ட நர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். கூப்பிட்டபோது வந்தார்கள். முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் வேலை பார்த்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிக்கப்பட்டது. 2023 புத்தாண்டை அவர்கள் போராட்டக் களத்தில் தொடங்கினார்கள். அவர்களில் சிலரோடு நான் பேசியிருக்கிறேன். வார்டில் பார்த்த சாவுகளைவிட, வேலை முடிந்ததும் தங்களை வேண்டாதவர்களாக்கியதைத்தான் அவர்களால் இன்னும் தாங்க முடியவில்லை. ஷே சொன்ன காயம் இதுதான். கைதட்டலும் பூமழையும் அதை ஆற்றாது.

5. விதியை வாய்வழியாகக் கேட்டு நம்பாதீர்கள். எடுத்துப் படியுங்கள்.

பல காயங்கள் விதியால் வந்தவை இல்லை. விதி என்று நாம் நினைத்துக்கொண்டதால் வந்தவை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கொரோனாக் காலத்து உடல்கள்.

ஜிப் வைத்த உறையில் உடலைப் போட்டு மூடிய பிறகு, "ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கம்மா" என்று தாயோ மனைவியோ கேட்பார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வார்டுகளில், அனுமதி இல்லை என்று சொல்ல வேண்டிய வேலை நர்ஸ் தலையில்தான் விழுந்தது. நம் ஊரில் முகம் பார்க்காமல் அனுப்புவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் ஒரு வீட்டுப் பெண்தானே. வாய்க்கரிசி போடுகிற கைகளை எட்ட நிறுத்திவிட்டு வந்தவர்கள், இத்தனை ஆண்டு கழித்தும் அதைச் சொல்லி அழுகிறார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலை நான் வரிவரியாகப் படித்தேன். ஊழியர்கள் உரிய பாதுகாப்போடு உறையின் முகப்பகுதி ஜிப்பைத் திறந்து, உறவினர்கள் கடைசியாக ஒரு முறை பார்க்க அனுமதிக்கலாம் என்று அதில் இருக்கிறது. தொடுவது, குளிப்பாட்டுவது, கட்டிப்பிடிப்பதுதான் கூடாது. அதாவது, மனசு சொன்னதும் விதி சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. நடுவில் யாரோ ஒருவர் பயந்து சொன்ன வாய்மொழி உத்தரவு நின்றது.

அதனால் இன்சார்ஜ் ஆனதும் ஒரு ஃபைல் தொடங்குங்கள். சுற்றறிக்கை, அரசாணை, வழிகாட்டுதல் எது வந்தாலும் மூலத்தின் நகலை அதில் வையுங்கள். "மேலே இருந்து சொல்லிட்டாங்க" என்று யார் சொன்னாலும், எந்தத் தேதி, எந்த எண் என்று பணிவாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் ஒரு நோயாளியிடம் முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால், அது உண்மையிலேயே முடியாததாக இருக்க வேண்டும்.

6. பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியின் அருகில் நிற்பவளைத் தனியாக விடாதீர்கள்.

டாக்டர் ரவுண்ட்ஸில் சில நிமிடம் நிற்பார். சக்‌ஷன் போடுவதும், புண்ணைத் துடைப்பதும், ஊசிக்கு நரம்பு தேடுவதும் அவள்தான். "இவரை ஏன் சிஸ்டர் இன்னும் குத்திக்கிட்டே இருக்கோம்?" என்று அவள் கேட்டால் அது சோம்பல் இல்லை. இன்னொரு பக்கம், பணம் தீர்ந்து, தனியார் மருத்துவமனையிலிருந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போகிற குடும்பத்தை அனுப்பி வைக்கிறவளுக்கு வருவது இதற்கு நேர் எதிரான வேதனை. பிழைக்கக்கூடியவர் போகிறாரே என்பது அது. இரண்டையும் ஒரே ஆறுதலால் மூடிவிட முடியாது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கும் மேலாக அதே மருத்துவமனை நர்ஸ்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவை நிறுத்த அனுமதி கேட்டு வழக்கு வந்தபோது, வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நின்றவர்கள் அவர்கள். அந்த வழக்கில்தான் 2011-ல் உச்ச நீதிமன்றம், அருணாவுக்கு மறுத்தாலும், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ள ஒரு நடைமுறை வகுத்தது. 2018-ல் கண்ணியமாக இறப்பது அடிப்படை உரிமையின் பகுதி என்றது. 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கி, அனுபவமுள்ள வல்லுநர்கள் அடங்கிய இரண்டு மருத்துவக் குழுக்கள் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்றது. இது நடைமுறையில் எல்லா ஊர்களுக்கும் வந்து சேரவில்லை. ஆனாலும் சட்டம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான், ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு தனியாகப் போய், "சார், 11-ம் பெட்டுக்கு இனி என்ன நோக்கத்தில் செய்கிறோம், வீட்டாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம்?" என்று கேட்க உங்களுக்குத் துணிச்சல் வரும். கேஸ் ஷீட்டில் பதில் எழுதி வாங்குங்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யும்போது கை நடுங்காது.

வலிக்கு மருந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்வதை எளிதாக்கிவிட்டார்கள். இருந்தும் புற்றுநோய் வலியில் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, பாராசிட்டமால் பாட்டிலை மாட்டிவிட்டு வெளியே வந்து நிற்கிற நர்ஸின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வேண்டியது அறிவுரை இல்லை, அந்த மருந்து.

7. மெமோ வந்தால் கூடப் போங்கள்.

தமிழ்நாட்டில் பிரசவத்தை ஒட்டி ஒரு தாய் இறந்தால் ஆய்வு நடக்கும். 1990-களில் தொடங்கிய பழக்கம் இது. எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அறையில் நடப்பது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கேள்வி மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் பிரசவ வார்டு நர்ஸிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் வந்து நிற்கும். ரத்தம் வரத் தாமதமானதும், ஆம்புலன்ஸ் வேறு ஊரில் இருந்ததும், மயக்க மருந்து டாக்டர் இல்லாததும் ஓரத்துக்குப் போய்விடும். "பி.பி. ஏன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாய்?" என்பது மட்டும் எல்லோர் காதிலும் விழும். ஏற்கனவே இறந்த தாயின் முகம் கண்ணிலிருந்து போகாமல் இருப்பவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, அரசு ஒத்துழைப்போடு 2004 முதல், பெயர்களை மறைத்துத் தாய் இறப்புகளை ஆய்வு செய்கிறது. யார் என்பதை விட்டுவிட்டு எது தவறியது என்று பார்க்கிற முறை. நாமும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை உங்கள் வேலை இது: ஆய்வுக்கு முந்தைய நாள் அவளோடு உட்கார்ந்து, நடந்ததை மணி வாரியாக ஒரு தாளில் எழுத உதவுங்கள். ஆய்வு அறைக்குள் பக்கத்தில் உட்காருங்கள். "ரத்தம் கேட்டு அனுப்பியது 4.20, வந்தது 6.05" என்பதை அவள் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-யின்கீழ் சார்ஜ் மெமோ வந்தால், அன்றிரவே அவளைத் தனியாகப் பதில் எழுத விடாதீர்கள்; சங்கத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் அழைத்துப் போங்கள்.

அவள் பக்கம் உண்மையிலேயே தவறு இருந்தால்? அதை மறைக்க உதவாதீர்கள். மறைத்த தவறு அவளை வாழ்நாள் முழுக்கத் தின்னும். ஒப்புக்கொள்ள உதவுங்கள். ஒப்புக்கொண்ட பிறகும் அவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

8. அடி வாங்கியவளைச் சமாதானம் பேசச் சொல்லாதீர்கள்.

2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், புற்றுநோய் டாக்டர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தியதை எல்லோரும் அறிவோம். அந்த அளவுக்குப் போகாத அறையும், தள்ளலும், கெட்ட வார்த்தையும் எங்கும் நடக்கின்றன. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுங்கள். வயிறெரிந்து கத்துகிற குடும்பத்தின் நியாயமும் அவளுக்குப் புரியும். அதனாலேயே புகார் வேண்டாம் என்பாள். அவளை அவசரப்படுத்தாமல், புகாரை மருத்துவமனையின் பெயரில் கொடுக்க வையுங்கள்.

ஊரே கைவிட்ட நாட்களும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் கல்லால் அடித்தார்கள். சக டாக்டர் ஒருவர் இரவில் திரும்பிப் போய், மருத்துவமனை ஊழியர்கள் துணையோடு தன் கையால் மண்ணள்ளிப் புதைத்தார். அந்த டாக்டர் செய்ததைவிடப் பெரிய துணை எனக்குத் தெரியாது.

9. மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயில் 1995-ல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் பரிவுதான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று உணர்ந்தவர். அவர் பெயரில் உண்டான அமைப்பு, மருத்துவமனை ஊழியர்கள் எல்லோரும் பதவி பார்க்காமல் கூடி, ஒரு நோயாளியால் தங்கள் மனதில் நடந்ததைப் பேசும் கூட்டங்களைத் தொடங்கியது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏராளமான மருத்துவமனைகளில் அது நடக்கிறது.

நம்மாலும் முடியும். அரை மணி நேரம், ஒரு அறை, தேநீர். சிகிச்சை சரியா தவறா என்று பேசக்கூடாது, பேசியதை வெளியே சொல்லக்கூடாது, யாரையும் பேச வற்புறுத்தக்கூடாது. துப்புரவு வேலை செய்கிற அம்மாவை மறக்காமல் கூப்பிடுங்கள். ரத்தத்தைக் கழுவிவிடுகிறவர் அவர். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சீனியர் டாக்டர் ஒருவர் முதலில் பேசினால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். முன்கூட்டியே போய் அவரிடம் கேட்டு வையுங்கள்.

10. மருத்துவ உதவி தேவைப்படும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடிக்க ஆரம்பித்திருக்கிறார், "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்று பேசுகிறார் என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தனியாக ஹாஸ்டல் அறைக்கு அனுப்பாதீர்கள். டெலி மானஸ் எண் 14416 எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை வார்டுச் சுவரில் நோயாளிகளுக்காக ஒட்டியிருப்பீர்கள்; டியூட்டி ரூம் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள்.

அதே சமயம், ஆள் போதவில்லை என்று சொல்ல வந்தவளை "கவுன்சிலிங் போ" என்று திருப்பி அனுப்புவது அநியாயம். அவள் சொன்ன செய்தியை அவளுடைய நோயாக மாற்றுகிற வேலை அது.

11. உங்கள் கையாலேயே அந்தக் காயம் உண்டாகும் இரவுகள் வரும். அதற்குத் தயாராகுங்கள்.

டியூட்டி லிஸ்ட் எழுதுவது நீங்கள். இரண்டு பேர் லீவு, ஒருத்திக்குப் பிரசவ விடுப்பு, மாற்று ஆள் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். 40 பேர் இருக்கிற வார்டில் ஒருத்தியை விட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். "எப்படியாவது பார்த்துக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாப் பொறுப்பும் அவள் தலைக்குப் போய்விடுகிறது. எதையும் விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு ஓடி, எது விட்டுப்போனாலும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வாள்.

போவதற்கு முன் அவளோடு வார்டை ஒரு சுற்று சுற்றுங்கள். யாரை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும், யாரை நான்கு மணிக்கொரு முறை பார்த்தால் போதும் என்று பெட் வாரியாகப் பிரியுங்கள். இன்றிரவு எதையெல்லாம் விடலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்: பெட்ஷீட் மாற்றுவது, நிலையாக இருப்பவர்களின் இரவு நேர சார்ட், ஸ்டாக் எண்ணுவது. இவற்றை ஒரு தாளில் எழுதி, "என் அறிவுறுத்தலின்படி இன்றிரவு இவை செய்யப்படவில்லை" என்று கையெழுத்திட்டு, தேதி போட்டு, அவள் கையில் கொடுங்கள். எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சொன்னால் கூப்பிடும்போது ஃபோனை எடுங்கள். காலையில் கொஞ்சம் முன்னதாக வந்து, அந்தத் தாளில் உள்ள வேலைகளைப் பகல் ஷிப்டுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதன் நகலை அந்த வாரத்து ஆர்.எம்.ஓ. கடிதத்தோடு பின் செய்யுங்கள்.